தினமும் ஆஜராகும் பெண்ணைக் காணவில்லை

"அப்போ, எப்போ காணாமப் போச்சுன்னு கேட்டா, காணாமப் போவவே இல்லைன்றாங்க?"

"ஆமா சார். தெனம் இஸ்கூலுக்கு வந்துக்கினுதான் கீதாம்."

"நீ பார்த்தியாம்மா?"

"பாத்திருந்தா உன் படி ஏறி இன்னாத்துக்கு சார் வரப்போறேன்?"

நியாயமான பதில். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் தலைமேல் குந்தியிருந்த அந்த அறைக்கு ஏறும் படிகள் அத்தனை செங்குத்தானவை. வேடிக்கைக்காக யாரும் ஏறிவர மாட்டார்கள். வந்து சேர்கிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள், அதற்கப்புறம்தான் தொலைந்து போனதன் பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஒரு மாடாக இருக்கும்.

இன்றைக்கு மாடில்லை. அதற்காக ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்ட நிஷா, மனதுக்குள் தன்னையே ஒரு குட்டு குட்டிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த தேவகி என்ற பெண்மணி, நாற்காலியின் நுனியில் மட்டுமே உட்கார்ந்திருந்தாள். முழுதாக உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று பழகிப்போன உடம்பு அது.

கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் வேதகிரி. வாசலில் தொங்கும் 'வேதகிரி துப்பறியும் நிலையம்' பலகையின் ஒரே பங்குதாரர். அதற்கு முன்பு கோர்ட் அமீனாவாக இருந்தவர். சம்மன் கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் 'அவர் இல்லியே, திருப்பதி போயிருக்காரே' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே முடி நரைத்தவர். கட்டிலுக்கு அடியிலிருந்தும் வைக்கோற்போரின் நடுவிலிருந்தும் அந்தத் திருப்பதி யாத்திரீகர்களைக் கண்டுபிடித்துக் கையில் தாளைத் திணித்துவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அரிப்பு அடங்கவில்லை.

நிஷாவுக்குப் பலகையில் இடம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை.

தேவகி சொன்ன கதை சிறியதுதான். அவள் ஊர் காவாந்தண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பு. பிழைப்பு செங்கல் சூளையில், திருவள்ளூர் பக்கம். பத்தாவது படிக்கும் மகள் சௌமியாவைத் தன் அக்கா மங்கம்மாவின் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பருவம் தப்பிப் பெய்த மழையில் சூளை நின்றுபோக, ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் மகள் இல்லை. 'பொங்கல் கழிஞ்சதுமே உங்கிட்ட போறேன்னு சொல்லிட்டுத்தானே போச்சு' என்று மங்கம்மா வாயைப் பிளந்தாள். தேவகி பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். 'உன் பொண்ணு உள்ளதாம்மா கீது, கிளாஸ் நேரத்துல பார்க்க முடியாது' என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். சாயங்காலம் வரை வெளியிலேயே நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். சௌமியா வரவில்லை. மறுநாளும் அப்படியே.

"உள்ளே போறதா சொல்றாங்க, வெளியே வர்றதில்லை," என்றாள் நிஷா. "சார், இது பூட்டின அறை மர்மம். மாடு இந்த லெவலுக்கு வரவே வராது."

"ஸ்டேஷன்ல சொன்னியாம்மா?" என்றார் வேதகிரி.

"போனேன் சார். இஸ்கூலுக்குப் போன் போட்டாங்க. ஆஜர்னு சொல்ட்டாங்களாம். 'இந்தாம்மா, காணாமப் போனவ எப்படி ஆஜராவா? ஒண்ணு காணாமப் போவச் சொல்லு, இல்ல இஸ்கூலுக்குப் போவச் சொல்லு. ரெண்டையும் ஒண்ணா பண்ணா நான் எத்த எழுதறது'ன்னு சிரிக்கறாரு." தேவகி சிரிக்கவில்லை. "பொண்ணு வரலைன்னு இஸ்கூல்லேர்ந்து ஒரு தாள் வாங்கியாந்தாதான் தேடுவாங்களாம். எனக்கு அந்தத் தாளு வேணும் சார். எம்பொண்ணு வரலைன்னு ஒரே ஒரு வரி. அத்த வாங்கிக் குடு."

வேதகிரி எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அது அவர் கேஸை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

"என் சர்வீஸ் பூரா, இருக்கிற ஆளை இல்லைன்னு சொன்னவங்களைத்தான் பார்த்தேன் நிஷா. இல்லாத ஆளை இருக்குன்னு சொல்ற ஒருத்தனை இப்பத்தான் பார்க்கப் போறேன்."

"வாக்காளர் பட்டியல் பார்த்ததே இல்லையா சார்?"

*

கொளத்தேரிப்பாக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. போகிற வழியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நிஷாவின் ஸ்கூட்டி நின்றது. வேதகிரியின் திட்டத்துக்கு ஒரு கேடயம் தேவைப்பட்டது. கடையில் இருந்ததெல்லாம் கபடிக் கேடயம்தான்.

"ஒரு ஆள் காலைத் தூக்கிக்கினு பாயற மாதிரி கீது சார்."

"பள்ளிக்கூடத்துக்கு ஓடி வர்றான்னு வச்சிக்க."

"மூச்சை அடக்கிக்கினா?"

"நம்ம பள்ளிக்கூடக் கழிப்பறை வழியா வர்றான்."

நிஷா வாயை மூடிக்கொண்டாள். எப்போதாவதுதான் அவர் ஜெயிப்பார், ஜெயித்த அன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

திட்டம் எளிமையானது. 'மாவட்ட நுகர்வோர் நலப் பேரவை' என்று கீழே ஜெராக்ஸ் கடையில் அடித்த ஒரு விசிட்டிங் கார்டு. வருகையில் சிறந்த மாணவிக்கு ஒரு பரிசு. பரிசுக்குத் தேர்வானவர் பத்தாம் வகுப்பு சௌமியா. நேரில் வந்துதான் வாங்க வேண்டும். பெண்ணைக் காட்டினால் பெண் கிடைத்தாள். காட்ட முடியாவிட்டால், வரவில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பஸ்ஸில் வந்து சேர்ந்த தேவகியைப் பள்ளிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காராமல் நின்றாள். அவளுக்குக் கேட்டைத் திறக்காத அதே வாட்ச்மேன், கேடயத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

*

தலைமையாசிரியர் ஆனந்தனின் தலைக்கு மேலே, சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில், சட்டம் போட்டு 'வருகை 100%' என்று மாட்டியிருந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலைகூட இருந்தது. மாலை போட்டதால் அந்த நூறு சதவீதம் செத்துப்போனதைப்போல நிஷாவுக்குத் தெரிந்தது. 

"ஒரு நாள்கூடக் குறையாதா சார்?" என்று பக்தியோடு கேட்டார் வேதகிரி.

"குறையாது. நம்ம பள்ளியில ஆப்சென்ட்ங்கறது கெட்ட வார்த்தை. பசங்க சொன்னா வாயைக் கழுவச் சொல்லுவேன்."

"காய்ச்சல், கல்யாணம்லாம் வராதா?"

"தாராளமா வரும். ஆனா அதுக்கெல்லாம் ஆப்சென்ட்னு பேர் வைக்கறது மத்த பள்ளிக்கூடங்க செய்யற தப்பு." ஆனந்தன் முன்னால் சாய்ந்தார். தொழில் ரகசியத்தைக் கேடயத்தோடு வந்தவர்களுக்குச் சொல்லலாம்தானே. "இப்போ சந்தோஷ்னு ஒரு பையன். நேத்து அவங்க அப்பாவோட நாத்து நடப் போயிட்டான். ஆப்சென்ட்டா? கிடையாது. வேளாண் களப்பயிற்சி."

"சளி பிடிச்சா?" என்றாள் நிஷா.

"வீட்டிலிருந்தே கற்றல்."

"சித்தப்பா கல்யாணம்?"

"சமூக அறிவியல் செயல்திட்டம்."

"மாடு தொலைஞ்சு தேடப் போனா?"

"விலங்கியல்." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை மனிதர்.

"செத்துட்டா சார்?"

ஆனந்தன் ஒரு விநாடி தயங்கினார். "டி.சி. குடுத்துடுவோம்."

மேஜையின் மேல் ஒரு கட்டு களப்பயிற்சி விண்ணப்பங்கள் இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. தேதிக்கும் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. நிஷா கடன் கேட்டால் ஒன்று கொடுத்துவிடுவார் போல இருந்தது.

"இதெல்லாம் ஏன் செய்யறேன் தெரியுமா?" ஆனந்தனின் குரல் தாழ்ந்தது. "ஒரு ஆப்சென்ட் போட்டா, செல்லுல தட்டின கையோட மேல தெரிஞ்சுடும். ஏன் வரலைன்னு கேட்பாங்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்தியான்னு கேட்பாங்க. போட்டோ எங்கேம்பாங்க. பிரசென்ட் போட்டுப் பாருங்க. ஒரு ஈ காக்கா கேட்காது. வந்த பிள்ளையைப் பத்தி இந்த நாட்டுல யாரு சார் கேட்டிருக்கா?"

இந்த மனிதர் வாயிலிருந்து முதல் தடவையாக உண்மை வந்துவிட்டது, அது அவருக்கே தெரியவில்லை என்று நினைத்தாள் நிஷா.

வேதகிரி கேடயத்தை மேஜைமேல் வைத்தார். கபடிக்காரன் ஆனந்தனைப் பார்த்துக் காலைத் தூக்கினான்.

"பரிசு சௌமியாவுக்கு. பொண்ணு கையில நேரடியா குடுக்கணும். அது விதி."

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றும் வரை ஆனந்தனின் புன்னகை அசையாமல் நின்றது. பிறகு, "அதுக்கென்ன, பேஷா," என்று தானே எழுந்து வெளியே போனார்.

"சிக்கிட்டான்," என்றார் வேதகிரி. "இப்போ வந்து, 'இன்னிக்கு மட்டும் வயித்து வலி'ம்பான். எழுதிக் குடுன்னு பிடிச்சுக்குவேன்."

ஆனந்தன் வந்தார். கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், இஸ்திரி போட்ட சீருடை.

"இவதான் சௌமியா."

வேதகிரியின் முகத்தில் அமீனா காலத்துக் கலவரம் தோன்றியது. கட்டிலுக்கடியில் தேடப் போனவருக்குக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் எதிர்ப்பட்டால் வரும் கலவரம்.

"உன் பேரு என்னம்மா?"

"சௌமியா சார்."

"அம்மா?"

"தேவகி சார். செங்கல் சூளையில வேலை சார். எங்க ஊர் காவாந்தண்டலம் சார். நான் தினமும் பள்ளிக்கு வருகிறேன் சார்."

கடைசி வாக்கியம்தான் நிஷாவை உறுத்தியது. பிள்ளைகள் 'வருகிறேன்' என்று பேசி அவள் கேட்டதில்லை. யாரோ சொல்லிக் கொடுத்து, வருகிற வழியில் மனப்பாடம் செய்த வாக்கியம் அது. ஆனால் வாக்கியத்தைக் கைது செய்ய முடியாதே. பெண்ணை அடையாளம் காட்ட தேவகியைக் கூப்பிட்டால், வேஷம் கலைந்து இருவரும் வெளியே தள்ளப்படுவார்கள், பிறகு அந்த கேட் என்றைக்குமே திறக்காது.

"சார்," என்றாள் ஆனந்தனிடம், "கேடயத்தோட தனியா நின்னா பேப்பர்ல போடமாட்டாங்க. இவ கிளாஸ்ல, பசங்க கை தட்டற மாதிரி ஒரு போட்டோ. பக்கத்துல நீங்க. உங்களை நடுவுல வச்சு."

வேண்டாம் என்று சொல்ல ஆனந்தன் வாயைத் திறந்தார். 'நடுவுல' என்ற சொல் உள்ளே போய் வேலை செய்தது. வாய் மூடிக்கொண்டது. தலைமுடியைக் கையால் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

வராந்தாவில் வேதகிரி கிசுகிசுத்தார். "பேர் கேட்டா எவனும் பொய் சொல்லுவான் நிஷா. எதிர்பார்க்காத நேரத்துல பின்னாலேர்ந்து கூப்பிடணும். சொந்தப் பேரா இருந்தா திரும்புவான், இல்லைன்னா சும்மா நிப்பான். கழுத்து பொய் சொல்லாது. இதை வச்சே எத்தனை பேருக்கு சம்மன் குடுத்திருக்கேன் தெரியுமா?"

"பாருங்க சார். பலிச்சா, நம்ம சம்பளமும் திரும்புதான்னு ஒரு வாட்டி கூப்பிட்டுப் பார்க்கலாம்."

*

பத்தாம் வகுப்பு கட்டடத்தின் கடைசி அறை. இடது பக்கம் முழுக்க ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு வெளியே பச்சை வலை கட்டி மறைத்திருந்தார்கள், புதிய வகுப்பறைகள் எழும்பிக்கொண்டிருந்தன. கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்த பிரியங்கா மிஸ், தலைமையாசிரியரைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் வந்த தற்காலிக ஆசிரியை என்று ஆனந்தனே அறிமுகம் செய்து வைத்தார். "நல்லா நடத்துவாங்க. அடுத்த வருஷமும் வச்சுக்கலாம்னு இருக்கேன்," என்றார். ஒருவரை அறிமுகம் செய்யும்போதே மிரட்டிவிடவும் முடியும் என்பதை நிஷா அன்றுதான் பார்த்தாள்.

இரட்டைச் சடைக்காரி கேடயத்தோடு கரும்பலகை அருகே நின்றாள். ஆனந்தன் நடுவில் வந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். நிஷா செல்போனைத் தூக்கினாள். வெளியே கலவை இயந்திரம் நின்று அமைதியானது. வேதகிரி பூனைபோல் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, நீதிமன்றத்தில் பேர் கூப்பிடும் குரலில் கத்தினார்:

"சௌமியா!"

பெண் சட்டென்று திரும்பினாள். பட்டாளத்தில் பயிற்சி எடுத்தவளைப்போல் திரும்பி, "சார்?" என்றாள்.

கழுத்து பொய் சொல்லிவிட்டது. வேதகிரியின் தோள்கள் சரிந்தன. ஆனந்தனின் வயிறு நிம்மதியாக வெளியே வந்தது.

ஆனால் நிஷா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் செல்போனில் வகுப்பு முழுவதும் தெரிந்தது. ஒரு பெயரைக் கூப்பிட்டால் பெயருக்கு உரியவளைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்? இந்த வகுப்பில் ஒருத்தர்கூட இரட்டைச் சடைக்காரியைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒன்றாக இடது பக்கம் திரும்பியிருந்தன. ஜன்னலை நோக்கி. தினம் தினம் அந்தப் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பிப் பழகிய தலைகள்.



பச்சை வலைக்கு அப்பாலிருந்து, மேலே எங்கிருந்தோ, மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது:

"உள்ளேன் மிஸ்!"

*

நிஷா ஜன்னலுக்கு ஓடி வலையை விலக்கினாள். பாதி எழுந்த சுவர். சாரத்தின் பலகையில், தலையில் சும்மாடும் அதன்மேல் கலவைச் சட்டியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். மேலே பெரிய ஆம்பிளைச் சட்டை. கீழே சிமெண்டு படிந்த சீருடைச் சுடிதார் பேண்ட். ஒரு நாளைக்கு இரண்டு முறை வருகை எடுக்கிறார்களே என்று குழம்பிப்போய், அவள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள் நிஷா திரும்பாமல், "கேடயத்தை ஜன்னல் வழியா குடுத்துடலாமா?"

வேதகிரி மெதுவாக நடந்து வந்து பார்த்தார். பிறகு ஆனந்தனைப் பார்த்தார். இரட்டைச் சடைக்காரி கேடயத்தைக் கரும்பலகை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பை நோக்கி ஓடிப்போனாள்.

"இதுல என்ன பொய் இருக்கு?" ஆனந்தன் கையை விரித்தார். "பொண்ணு பள்ளி வளாகத்துக்குள்ளதானே இருக்கா? பேர் கூப்பிட்டா பதில் சொல்றாளா இல்லியா? அப்புறம் ஆஜர்னு போடாம என்னன்னு போடறது?"

"தலையில சிமெண்டு சட்டி கீதே?" என்றாள் நிஷா.

"தொழிற்கல்வி."

"கட்டடம் யாரு கான்ட்ராக்ட்?" என்றார் வேதகிரி.

இதற்கு மட்டும் ஆனந்தனிடம் பாடப்பிரிவு இல்லை. பதில் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. "ஹெச்.எம். சாரோட மச்சான் சார்!"

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் வராந்தாவில் வாட்ச்மேன் "ஏம்மா, ஏம்மா" என்று கத்துவது கேட்டது. கலவை இயந்திரம் நின்ற அமைதியில் மதில் தாண்டி டீக்கடை வரைக்கும் எட்டிய அந்த 'உள்ளேன்' குரலைப் பெற்றவளுக்குத் தெரியாதா? தேவகி வகுப்புக்குள் வரவில்லை. நேராகக் கட்டடத்தைச் சுற்றி ஓடி, சாரத்தின் அடியில் போய் நின்றாள்.

"எறங்குடி."

சௌமியா சட்டியை வைத்துவிட்டு இறங்கினாள். தேவகி அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சூளைக்காரியின் கைக்குச் சட்டி தூக்கிய இன்னொரு கை தெரியும்.

"யாருடி உன்னை இங்க புடிச்சி வச்சது?"

"யாரும் புடிக்கல. நானேதான் வந்தேன்."

"நீயே வந்தியா?"

"நீதானம்மா சூளை மேஸ்திரிகிட்ட சொல்லியனுப்பின? கை ஆள் பத்தல, ஒரு மாசத்துக்கு வந்துட்டுப் போவட்டும்னு. பெரியம்மா வூட்டு வாசல்ல வண்டியோட வந்து நின்னுட்டான். பரீட்சை முடியட்டும்னு அவனத் திருப்பியனுப்பிட்டு, மறுபடி வருவான்னு பயந்து, பெரியம்மாகிட்ட உங்கிட்ட போறேன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன்." சௌமியா அழவில்லை. மூச்சிரைப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை. "அக்காவையும் ஒரு மாசத்துக்குன்னுதான் கூட்டினு போன. இஸ்கூல்ல அக்கா பேர அடிச்சுட்டாங்க. அக்கா அங்கியே கீது, கையில கொயந்தையோட."

தேவகி மகளின் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்துவிட்டதை ஜன்னல் வழியாகவே நிஷாவால் பார்க்க முடிந்தது.

மிச்சத்தை வேதகிரி கேட்டு வாங்கினார். எங்கே ஒளிவது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஹெச்.எம். சாரிடம் நின்றிருக்கிறாள் பெண். அவருக்கு ஆள் கிடைத்தது. சாரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கொத்தனார் குடும்பத்தோடு படுக்கை, இரண்டு வேளைச் சோறு, சித்தாள் வேலை. கூலி என்று ஒன்றும் கிடையாது. அதற்குப் பதில் தினமும் ஆஜர். வருகை குறையாமல் இருந்தால் பொதுத் தேர்வு எழுதலாம்.

"பாடம்?"

"ஜன்னல்ல கேப்பேன் சார். கலவை மிஷின் ஓடும்போதுதான் கேக்காது. கணக்கு பூரா அந்த நேரத்துல போயிடுது."

"அப்போ, பதில் மட்டும் எதுக்கு மேலேர்ந்து கத்தற?" என்றாள் நிஷா. "ஹெச்.எம்.தான் யாரும் வாயத் திறக்காமலே ஆஜர் போடறவராச்சே."

"மிஸ்தான் சொன்னாங்கக்கா. குரல் கேட்டாத்தான் போடுவேன்னு."

எல்லோரும் பிரியங்கா மிஸ்ஸைப் பார்த்தார்கள். அவள் சாக்பீஸைப் பார்த்தாள்.

வேதகிரி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "சரி ஹெச்.எம். சார். நான் பேரவை இல்லை, கேடயமும் கபடிக்கானது. இந்தம்மா ஒரு தாள் கேட்டாங்க. சௌமியா வகுப்புக்கு வரலைன்னு. எழுதுங்க."

அவர் ஒரு மணி நேரமாவது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். நிஷாவும் அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் ஆனந்தன், "ஓ, எழுதிடலாமே," என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவியபோது இரண்டு பேருக்குமே ஒன்றும் புரியவில்லை.

ஆனந்தன் ஆசிரியையின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினார். கெட்ட வார்த்தை சொன்னால் வாயைக் கழுவச் சொல்லும் மனிதர், 'ஆப்சென்ட்' என்ற அந்த வார்த்தையைத் தலைப்பாகப் பெரிய எழுத்தில் எழுதினார். மேற்படி மாணவி பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வரவில்லை. கட்டுமானப் பணியில் இருந்தவர் யாரென்று பள்ளிக்குத் தெரியாது. வகுப்பாசிரியை கவனக்குறைவால் வருகை எனப் பதிவு செய்துவிட்டார். நீண்டநாள் வராத காரணத்தால் பெயர் நீக்கப்படுகிறது. ஒப்பம். முத்திரையை வரவழைத்து ஓங்கிக் குத்தினார்.

நிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் வந்தாள் என்றால், அவளைச் சட்டி தூக்க வைத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வரவேயில்லை என்றால் அவருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. நூறு சதவீதத்துக்கு ஆஜரைப் பயன்படுத்தியவருக்கு, ஜாமீனுக்கு ஆப்சென்ட் தேவைப்பட்டது. அதைக் கேட்டு வாங்க வந்தவர்கள் நிஷாவும் அவளுடைய முதலாளியும்தான்.

"இத்த குடுத்துட்டா, இந்தப் பொண்ணு பரீட்சை?" என்றார் வேதகிரி. 

"வராத பிள்ளைக்கு ஏது சார் பரீட்சை?" ஆனந்தன் வருத்தத்தோடு தலையாட்டினார். "பிரியங்கா மேடம், நீங்க பயப்படாதீங்க. கவனக்குறைவுதானே. ஒரு மெமோவோட முடிச்சுடறேன். அடுத்த வருஷம் பத்திப் பிறகு பேசிக்கலாம். நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தா போதும்."

தாளை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தேவகியிடம் நீட்டினார். அவள் கேட்டு வந்தது அந்த ஒரு வரிதான். படிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரை தெரிந்தது. அவள் வாங்கவுமில்லை, தள்ளவுமில்லை. தாள் கம்பிகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

"நிஷா," என்றார் வேதகிரி மெல்ல, "ஏதாவது சொல்லேன்."



சௌமியா தாயின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். தலைமையாசிரியரையோ துப்பறிவாளரையோ அவள் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையின் அருகே நின்றவளை மட்டும் பார்த்தாள்.

"மிஸ், நான் தெனம் உள்ளேன் சொன்னேன் இல்ல? மழை பெஞ்சப்பகூட சொன்னேன் மிஸ். அது உங்களுக்குக் கேட்டுச்சுன்னு இவங்ககிட்ட ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க மிஸ்."